பாலத்தை நிறுத்திய தங்கை எழுதுவது

சிதி ரெமீல்,
ஒலிவ அறுவடை முடிந்த வாரம்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய ஷாத்லி அண்ணனுக்கு, தங்கை தலேந்தா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அங்கே கிரெனோபிளில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் துஆ. மதினியின் முழங்கால் வலிக்கு நம் வீட்டு ஒலிவ எண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். அதைக் கொண்டுவரும் ஆள் வழியில் பாதியைத் தன் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிடுவான், மீதி வந்து சேரும்.

சுகம் என்று எழுதியாகிவிட்டது. கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும். இனி உள்ளதைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை நீங்கள் போனில் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏம்மா, ஊருக்கு வர்ற பாலத்த நீ ஏன் நிறுத்துன?" என்று கேட்டீர்கள். நான் வாயெடுப்பதற்குள், "உனக்கு ஊராங்க பல்லு இருக்கு, அதப் பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். சூஸாவில் நடந்த நம் ஊர்க்காரர் கல்யாணத்தில் நான் உட்கார்ந்த மேசைக்கு ஒருவரும் வரவில்லை என்பதையும், கோழித் துண்டு கூட என் பக்கம் கடைசியாகத்தான் வந்தது என்பதையும் உங்களுக்குச் சொன்னவர்கள், நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்லாததை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மதினியை டீ போடச் சொல்லிவிட்டுப் படியுங்கள்.

நீங்கள் இருந்தபோது தண்டவாளத்தைக் கடக்க ஒரு கேட் இருந்தது, கேட்டைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடும் ஒரு கேட்காரரும் இருந்தார். அந்தக் கேட்டை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் சுவர் வைத்து, மேலே பாலம் கட்டப்போவதாகச் சொன்னார்கள். ஆளுநர் வந்து கல் வைத்தார். மேளம் அடித்தார்கள், எனக்கும் ஒரு மல்லிகைச் செண்டு கிடைத்தது. இந்தப் பக்கமிருந்து பாதிப் பாலம் எழும்பியது, அந்தப் பக்கமிருந்து பாதிப் பாலம் எழும்பியது, பிறகு இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி நடுவில் இடைவெளி விட்டு முறைத்துக்கொண்டு நின்றுவிட்டன. ஏழு வருஷமாக அப்படித்தான் நிற்கின்றன. ஸ்டேஷன் பக்கம் என் பல் கிளினிக், மறுபக்கம் ஊர், சந்தை, பள்ளிக்கூடம், மசூதி எல்லாம். காரில் போக வேண்டுமென்றால் அடுத்த ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடந்து போகிறவர்கள் சுவரில் யாரோ இடித்துவைத்த ஓட்டை வழியாகக் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி, எதிர்ச் சுவர் ஓட்டையில் நுழைந்து போகிறார்கள். எனக்கு வரும் நோயாளிகள் பல் வலியோடு வந்து முட்டியில் சிராய்ப்போடு நாற்காலியில் உட்காருவார்கள். நான் முதலில் முட்டிக்கு மருந்து போட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வேன்.

என்னிடம் உதவிக்கு இருக்கும் மப்ரூக்காவை உங்களுக்குத் தெரியும். அவள் புருஷன் இஸ்ஸெதீன் ஷேர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டியை ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு அந்த ஓட்டை வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போவான். போன வருஷம் மழை பெய்த ஒரு சாயங்காலம், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்து போனவன், வளைவில் வந்த ரயிலைப் பார்க்கவில்லை. உயிர் இருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. டாக்ஸியை விற்றார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை மப்ரூக்கா கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருக்கும் அறையில் உட்காரவைத்தாள். அவன் வந்தவர்களையெல்லாம் வரவேற்பான்: "பயப்படாம உள்ள போங்க, டாக்டரம்மா பல்ல மட்டும்தான் எடுப்பாங்க. கால எடுக்கறது வெளியில, சர்க்கார் டிபார்ட்மெண்ட்டு." நோயாளிகள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவனுக்கு நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட்டோம். நிராகரித்துப் பதில் வந்தது. பாதசாரிகளுக்காக ஏற்படுத்திக் கொடுக்கப்பட்ட வழியை மனுதாரர் பயன்படுத்தத் தவறினார், ஆகவே தகுதியில்லை என்று இருந்தது. மப்ரூக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, கையுறையைக் கழற்றாமலே என்னிடம் கேட்டாள்: "எந்த வழி, டாக்டரம்மா?"

அண்ணா, இதுதான் ஆரம்பம். எனக்கு அரசியலும் கிடையாது, கட்சியும் கிடையாது. ஒரு பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தேடிப் போனேன். அவ்வளவுதான்.

பாலத்தடியில் வைத்த பலகையைப் போய்ப் பார்த்தேன். அதில் வரைந்திருந்த படத்தில் பெரிய பாலத்தை ஒட்டி ஆட்கள் ஏறிப்போக ஒரு நடைபாலம் இருந்தது. படிக்கட்டில் குடை பிடித்த ஒரு பெண், பலூன் வைத்த ஒரு குழந்தை, எல்லோருக்கும் இரண்டு கால். செலவு என்று போட்டிருந்த இடத்துக்கு நேரே ஒரு கல்யாண பாண்டு கோஷ்டியின் விளம்பரம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டிப் பிய்த்தேன். கீழே வெறும் வெள்ளை. எதையும் மறைப்பதற்காக ஒட்டவில்லை பாவம், காலி இடம் என்று ஒட்டியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. சர்க்காரிடம் யாரும் எந்தக் கணக்கையும் கேட்கலாம், எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்கக் கூடாது. நானும் பாலத்துக்கு எவ்வளவு செலவானது, அதில் நடைபாலத்துக்கு எவ்வளவு, அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மூன்றே கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு சாலைக் கட்டுமான அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் என் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு மேடம் உங்களுக்கு?"

"எதுக்குன்னு கேக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்குங்க."

"சட்டம் கேக்காது மேடம். நான் கேக்கறேன்."

"தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சு வச்சுக்குவேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "நல்லாருக்கே! நீங்க ஒரு பல்லுக்கு எவ்வளவு வாங்கறீங்கன்னு நாங்க என்னிக்காவது வந்து கேட்டோமா?"

"கேக்க வேண்டியதில்ல. சுவத்துலயே எழுதி மாட்டியிருக்கேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பின் விலையை நான்தான் கொடுத்தேன். அடுத்த வாரமே சுகாதார அதிகாரி ஒருவர் வந்து கிளினிக்கை டேப் வைத்து அளந்தார், நான் கை கழுவும் குழாயை மோந்து பார்த்தார், காத்திருக்கும் அறையில் நோயாளி அல்லாத ஒருவர் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதாக எழுதிக்கொண்டார். இஸ்ஸெதீன் உடனே வாயை அகலத் திறந்து, "நானும் நோயாளிதான் சார், பாருங்க, எல்லாப் பல்லும் ஆடுது" என்று அவரைத் துரத்தித் துரத்திக் காட்டினான்.

என் கேள்விக்கும் ஒரு பதில் வந்தது. எங்கள் பதிவுகளின்படி சிதி ரெமீலில் பாலம் என்று எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதைத்தானே அண்ணா நாங்களும் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! விசாரித்ததில், அவர்கள் பதிவில் அதற்குப் பெயர் "ரயில் கடவு நீக்கத் திட்டம்" என்று தெரிந்தது. கேட்டை நீக்கியது மட்டும்தான் நடந்திருக்கிறது, பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. சரி, அந்தப் பெயரையே போட்டு மறுபடியும் எழுதினேன். இந்த முறை பதிலே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த அலுவலகத்தின் பொறியாளர் லஸாத், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அவருடைய வழக்கமான பல் டாக்டர் மக்காவுக்கு உம்ரா போயிருந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி முகம் ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. மரத்துப் போக ஊசி போட்டுவிட்டு, பஞ்சை அடைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அந்த நடைபாலம் என்னாச்சு சார்?" அவர், "ஆ… ஆஆ" என்றார். வெளியிலிருந்து இஸ்ஸெதீன் குரல் கொடுத்தான்: "டாக்டரம்மா, தொகைய சொல்ற வரைக்கும் குறட எடுக்காதீங்க! சொல்லலேன்னா நல்ல பல்லுலேர்ந்து ஆரம்பிங்க!" அந்த மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மப்ரூக்கா போய்க் கதவைச் சாத்தினாள். நான் அவருக்கு வலி தெரியாமல் பல்லை எடுத்தேன் அண்ணா. எத்தனையோ பேருக்கு எடுத்ததைவிடச் சுத்தமாக எடுத்தேன். கை பழகிவிட்டது, கோபம் வந்தாலும் கேட்க மாட்டேன் என்கிறது.

எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டவர் உடனே போகவில்லை. மரத்துப்போன உதட்டோடு, "அந்தஃ ஃபாலத்த விட்டுருங்க டாக்டர்" என்றார்.

"ஏன் சார்?"

"நீங்க கேட்டா வேல நின்னுஃபோகும்."

"என்ன வேல சார்? அங்க புறா முட்ட போடறதத் தவிர வேற எதுவும் நடக்கலையே."

"நடக்கறதா எழுதிக்கிட்டிருக்கோம்ல. அது நின்னுஃபோகும்."

அவர் பயமுறுத்தினாரா, பரிதாபப்பட்டுச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த கட்டணத்தைப் பார்த்துச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு தலைநகருக்கு முறையீடு போனது. அங்கே இந்த மாதிரி வழக்குகளுக்கென்றே இருப்பவர்கள் என்னை உட்காரவைத்து மரியாதையாகக் கேட்டார்கள். எதிர்த்தரப்பு அலுவலகம் ஒரு வக்கீலை அனுப்பியிருந்தது. நல்ல கோட்டு, நல்ல வாசனை. கணக்கை வெளியே சொன்னால் தேசத்தின் பாதுகாப்புக்குக் கேடு என்றார். நடுவில் உட்கார்ந்து விசாரித்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "படிக்கட்டுல ஏறி யாருங்க படையெடுத்து வரப்போறாங்க?" என்று கேட்டார். தீர்ப்பு என் பக்கம். கேட்ட அத்தனையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மப்ரூக்கா மக்ரூத் இனிப்பு செய்து தெருவெல்லாம் கொடுத்தாள். ஒரே ஒரு நாள் அண்ணா, ஒரே ஒரு நாள் நான் இந்த ஊரில் நல்லவளாக இருந்தேன்.

மறுநாள் காலையில் பாலத்தடியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஒரு குடிமகளின் முறையீட்டைத் தொடர்ந்து கணக்குகளைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் கட்டுமானப் பணி நிறுத்திவைக்கப்படுகிறது, பொதுமக்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று. ஏழு வருஷமாகத் துருப்பிடித்து நின்ற கிரேனை அன்றைக்குத்தான் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அதுவும் சந்தை கூடும் நேரம் பார்த்து, எல்லோரும் பார்க்கும்படி, சங்கிலிச் சத்தத்தோடு. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பாலம் போகிறது, பாலம் போகிறது என்று கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு செங்கல் ஏறாத வேலையை நான் நிறுத்திவிட்டேன்!

அன்றிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். டீக்கடை வழியாகப் போனால் பேச்சு காதில் விழுகிறது: "விழுந்த பல்லு எடத்துல வாய்க்குள்ள ஒரு பாலம் கட்டறதுக்கு இந்தம்மா எவ்வளவு வாங்கறாங்க? ஊருக்கு ஒரு பாலம் வந்துட்டா நம்மூருல பொழப்பு போயிருமோன்னு பயம்." "அதான் வேரோட புடுங்கிட்டாங்க." ஒருத்தன் சுவரில் கரியால் பல் படம் வேறு வரைந்து வைத்திருக்கிறான். கடைவாய்ப் பல்லுக்கு நாலு வேர் போட்டிருக்கிறான், அதுவும் தப்பு.

கல்யாண வீட்டில் கோழித் துண்டு தாமதமாக வந்த கதை இதுதான். ஆனால் உங்களுக்கு இன்னும் சொல்லாத ஒன்று இருக்கிறது.

தீர்ப்பு சொன்ன கெடு முடியும் நாளில் அலுவலகத்துக்கு வந்து கேட்டுக்கொள்ளும்படி கூப்பிட்டார்கள். நான் மப்ரூக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். இஸ்ஸெதீன் ஊன்றுகோலோடு மாடி ஏற முடியாமல் கீழேயே நின்றான், அங்கேயும் லிஃப்ட் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். லஸாத் கோப்பைத் திறந்து படித்தார். மொத்தச் செலவைப் படிக்கையில் அவருக்கே நடுவில் மூச்சு வாங்கியது. அந்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை, உங்கள் ரத்த அழுத்தம் எனக்குத் தெரியும். பிறகு நடைபாலத்துக்கு வந்தார். குரல் இறங்கியது.

"நடைபாலம்… பணி நிறைவடைந்தது. தரம் பரிசோதிக்கப்பட்டது. பொதுமக்கள் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது."

"எங்க சார்?" என்று கேட்டாள் மப்ரூக்கா.

"இதுல அப்படித்தான் இருக்கு."

"இதுல இருக்கு சரி. எங்க இருக்கு?"

"இருக்கணும்மா," என்றார் லஸாத், கோப்பிலிருந்து தலையை எடுக்காமல். எந்தத் தேதியில் ஒப்படைத்தார்கள் என்று நான் கேட்டேன். சொன்னார். இஸ்ஸெதீன் கால் போவதற்கு முந்தைய வசந்த காலம்.

புரிகிறதா அண்ணா? தாளில் ஒரு நடைபாலம் நிற்கிறது. காசு கொடுத்துக் கட்டி முடித்த நடைபாலம். அந்தப் படிக்கட்டில் ஏறிப் பத்திரமாக வீட்டுக்குப் போகாமல், குறுக்கு வழியில் குனிந்து போனது இவன் தப்பு. அதனால்தான் நஷ்ட ஈடு இல்லை. இவன் காலையும் எடுத்துக்கொண்டு, பழியையும் இவன் மேலேயே போட்டாயிற்று.

கீழே வந்து அவனிடம் சொன்னோம். ஏதாவது கிண்டல் சொல்வான் என்று நினைத்தேன். ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். திரும்பும் வழி பூராவும் மப்ரூக்கா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே வந்தாள், அது சரியாகத்தான் இருந்தது.

டீக்கடை வாசலில் நின்று, அலுவலகத்தில் வாங்கிவந்த அந்தப் பதிலின் நகலை நான் உரக்கப் படித்தேன். எல்லோரும் கொதித்து எழுவார்கள் என்று நினைத்த என்னை என்னவென்று சொல்ல! ஒரு பெரியவர் நிதானமாக, "முடிஞ்சுதுன்னு எழுதிட்டாங்கல்ல? விடும்மா. அதக் கிளறுனா மிச்ச பாலமும் வராது" என்றார். மற்றவர்கள் சீட்டாட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

நேற்று, நகராட்சியில் இருக்கும் நம் சித்தப்பா மகன் ரிதா ஒரு தாளோடு வந்தான். கிடைத்த பதிலில் எனக்கு முழுத் திருப்தி, இதை எங்கும் எந்த வழக்குக்கும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதி, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. "போட்டுருங்கக்கா. நாளைக்கே கிரேன் திரும்பி வந்துரும். இஸ்ஸெதீனுக்கும் ஒரு வேல போட்டுத் தர்றாங்களாம்."

"என்ன வேல?"

"பாலத்துக்கு வாட்ச்மேன்."

"எந்தப் பாலத்துக்குடா?"

"ஏங்க்கா, சம்பளம் நெசமா வரும்ல" என்றான்.

அதுதான் அண்ணா என்னை உடைத்துவிட்டது. சம்பளம் நிஜம்தான். மப்ரூக்கா என்னிடம் வாங்குவதில் இரண்டு பிள்ளைகளும் ஒரு ஊன்றுகோலும் ஓடுகின்றன. என் பிடிவாதத்துக்கு அவர்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? ராத்திரி பூரா யோசித்துவிட்டேன். கையெழுத்துப் போடப்போகிறேன். நீங்கள் சொன்னது சரி, எனக்கு ஊராங்க பல் இருக்கிறது, அதுகூட இனிமேல் இந்த ஊரில் வேண்டாம். கிளினிக்கை விற்றுவிட்டு உங்களிடமே வந்துவிடுகிறேன். பின்னறையில் நீங்கள் அடைத்து வைத்திருக்கும் சாமான்களை ஒதுக்கிக் கட்டில் போடுங்கள். சன்னல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சன்னல் வழியாகப் பாதிப் பாலத்தைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போய்விட்டது. பிரான்ஸ்காரர்களின் பல்லைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்காது, தெரியும். மதினிக்குச் சமையலில் ஒத்தாசையாக இருப்பேன். யாரிடமும் எதற்கும் என்ன செலவு என்று கேட்க மாட்டேன், காய்கறிக் கடையில்கூட.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டு வாசலில் நல்ல செய்தி மட்டுமே வந்து நிற்கட்டும், உங்கள் கால்களுக்கும் கைகளுக்கும் அல்லாஹ் காவல் இருக்கட்டும்.

உங்கள் சொல்லைக் கேட்டு நடக்கும் தங்கை,
தலேந்தா

பி.கு.: கட்டில் போட வேண்டாம். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் இஸ்ஸெதீன் வந்தான். ரிதா கொடுத்த தாளை எடுத்துக் கொடுத்து, வாட்ச்மேன் வேலையைப் பற்றிச் சொன்னேன். முழுதும் படித்துவிட்டு, "பேனா இருக்கா டாக்டரம்மா?" என்றான். சம்மதித்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் தாளைத் திருப்பி, என் கருவி மேசை மேலேயே வைத்து, தன் பெயரில் எழுத ஆரம்பித்தான். கட்டி முடித்துப் பொதுமக்களுக்கு ஒப்படைத்த நடைபாலத்தில் ஒரு பொதுமக்களாகிய எனக்கு ஏறிப்பார்க்க வேண்டியிருக்கிறது, அதன் படிக்கட்டு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று தெரிவிக்கவும். மப்ரூக்கா தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அவளும் கீழே கையெழுத்துப் போட்டாள். அவர்கள் போட்ட பிறகு நான் சும்மா இருப்பது நன்றாக இருக்காதே என்று, என்னிடம் கணக்கைச் சொல்லாமல் இருப்பதற்காகத் தலைநகருக்கு அனுப்பிய அந்த வாசனை வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று நானும் ஒரு தாள் எழுதினேன். மூன்று பேரும் போய்க் கொடுத்துவிட்டு இப்போதுதான் வந்தோம். கீழ்த்தளத்து ஜன்னலில் அதே ஆள். இஸ்ஸெதீனின் தாளை வாங்கிக்கொண்டு, "இது எதுக்கு உனக்கு?" என்று கேட்டார். "வீட்டுக்குப் போகத்தான் சார்" என்றான்.